தையல்காரர் வீட்டு வாசல்

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறமும் வீட்டுக்குள்ள ஈரம் இருந்தா, வந்த பெட்டியிலேயே இது திரும்பிப் போயிடும்."

ஃபோர்மேன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டறை அவரைக் கைகுலுக்கி அனுப்பிப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் மட்டும் பதவி நீடிக்கிறது. மனைவி ஒருத்திதான் தொழிலாளி.

குற்றவாளியான நாய்க்குட்டி அப்போது அவருடைய செருப்பு வாரை மென்றுகொண்டிருந்தது.

மனைவி பெரியவனைப் பார்த்தாள். பெரியவன் வீட்டின் மூத்த நாய். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தட்டை மோந்துகூடப் பார்க்காமல் எலும்பும் தோலுமாகிப் போயிருந்தான். விஷயம் தெரிந்து மகள்தான் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினாள். குட்டி வந்த அன்று பெரியவன் எழுந்து வந்து அதை நக்கிவிட்டு, நேராகத் தட்டுக்குப் போனான்.

"குட்டி போச்சுன்னா பெரியவன் மறுபடி சாப்பாட்டை விட்டுடுவான். இந்தத் தடவை தாங்க மாட்டான்" என்றாள்.

"உங்கம்மா போனப்போ நீயே மறுநாள் சாப்பிட்டே. நாய்க்கு என்ன வந்தது?"

அவள் தரையைத் துடைக்கப் போனாள்.

பயிற்சி நடக்காமல் இல்லை. ஈரத்தைக் கண்டால் ஃபோர்மேன் குட்டியை இழுத்து வந்து, அதில் மூக்கைத் தேய்த்து, சுருட்டிய செய்தித்தாளால் முதுகில் ஒன்று போடுவார். பட்டறையில் எத்தனை பேரை வழிக்குக் கொண்டுவந்தவர். குட்டியும் பாடம் கற்றுக்கொண்டது: இந்த ஆள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும். ஹாலில் நடந்தது, கட்டிலுக்கு அடியில் நடந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

எதிர் வீடு தையல்காரருடையது. மகள் கல்யாணத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த கால்சட்டை, ஃபோர்மேன் விருந்தாளிகளைக் குனிந்து வரவேற்றபோது பின்பக்கம் வாயைப் பிளந்தது. அளவெடுக்கும்போது ஃபோர்மேன் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார் என்று தையல்காரர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தெருவே மறந்துவிட்ட விஷயம். ஃபோர்மேன் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

"குட்டியை அவன் வாசலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம வீடும் சுத்தமாகும், அவனுக்கும் ஒரு மரியாதை செஞ்ச மாதிரி இருக்கும்."

மனைவி வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

விடிந்ததும் இரண்டு நாய்களையும் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு கேட் முன்னால் போய் நிற்பார். நின்றதும் முதுகைத் திருப்பிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தை ஆராய்வார். நாய் செய்கிற காரியத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரு நினைக்க வேண்டுமே. நாகரிகம் தெரிந்தவர். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றைச் சுண்டுவார், வீட்டுக்கு வந்துவிடுவார்.

என்ன மாயமோ, ஞாயிற்றுக்கிழமை வீடு காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் போதும், குட்டி அவரை இழுத்துக்கொண்டு எதிர் வாசலுக்கு ஓடியது.

ஃபோர்மேனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாய் வைத்திருப்பவர், வைத்திராதவர் எல்லோரையும் வழியில் நிறுத்தி வகுப்பெடுத்தார். கண்டிப்பு வேண்டும், இடம் கொடுக்கக் கூடாது என்றார். தையல்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் அவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம்.

"எப்படிக் கேப்பான்? பேச மூஞ்சி வேணுமே" என்றார் மனைவியிடம்.

பிறகு ஒரு நாள் குட்டி எதிர் வாசலில் சும்மா உட்கார்ந்துவிட்டது. கேட்டுக்குள் எட்டிப் பார்த்தது, முனகியது, வந்த வேலையைச் செய்யவே இல்லை. வீட்டுக்கு வந்து ஹால் நடுவில் செய்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், தெருக்கோடி வீட்டுக்காரர் தன் நாய்க்கு யோசனை கேட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, அவர் கால் மேலேயே.

வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். அதைத்தான் ஃபோர்மேனால் பொறுக்க முடியவில்லை. பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். குட்டியைத் தூக்கி உள்ளே போட்டார். பெரியவன் பெட்டியின் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு நகர மறுத்தான்.

அவர் பெட்டியைத் தூக்கியதும் மனைவி வந்து கதவில் சாய்ந்து வழியை மறித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் மறித்ததில்லை.

"ஒரே ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு அவர் வந்துடுவார்."

"எவரு?"

"எதிர் வீட்டுக்காரர். மகன் வீட்டுக்குப் போயிருக்கார்."

"அவன் வந்தா என்ன, வராட்டி என்ன?"

"நீங்க வானத்தைப் பார்த்துட்டு நிக்கறப்போ, குட்டி வேலையை முடிச்சதும் அவர் கேட் இடுக்கு வழியா ஒரு பிஸ்கட் துண்டு குடுப்பார். தலையைத் தடவி விடுவார். பெரியவனுக்கும் ஒரு துண்டு. நீங்க இந்தப் பக்கம் வந்ததும் அள்ளிப் போட்டுக் கழுவி விடறதும் அவர்தான். குட்டி பழகினது அப்படித்தான்."

ஃபோர்மேன் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீ போய்ச் சொல்லிக்குடுத்தியா?"

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். பிஸ்கட் அவராக் குடுத்தது."

"அப்போ இத்தனை நாள் ஏன் எங்கிட்ட சொல்லல?"



"அவர்தான் சொல்ல வேண்டாம்னார். 'எனக்குக் கோபம் இல்லைன்னு தெரிஞ்சா, அவர் உடனே வேற வாசலைத் தேடிப் போயிடுவார். பாவம், குட்டி மறுபடி முதல்லேருந்து கத்துக்கணும்'னார்."