ஒரு மீட்டர்

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. அப்புறம் ஏன்டா மாப்ள, கோட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போதே பிளேனை நிறுத்துற?"

மேற்பார்வையாளர் லாசர் சீட்டை மேசைமேல் போட்டார். விமானத்துக்குக் கைகாட்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துவரும் இரண்டு ஆரஞ்சு மட்டைகளும் முத்துக்குமரன் கக்கத்தில் இருந்தன.

"மத்த எடத்துல எல்லாம் முன்சக்கரம் கோட்டு மேல அச்சாப்ல நிக்குது. ஏழாம் நம்பர்ல மட்டும் உனக்குக் கை முந்திக்கிருது. அங்க என்ன, உனக்கு டீக்கடையா தெறந்து வச்சிருக்கு?"

சன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆஷ்லின் சிரித்துவிட்டாள். புதிய முனையத்தின் சுவரில் மாட்டியிருக்கும் திரைக்கு அவள்தான் பொறியாளர். இன்னும் எவ்வளவு தூரம், எங்கே நிற்க வேண்டும் என்று நாளை முதல் அந்தத் திரையே விமானிக்குச் சொல்லிவிடும். கைகாட்டும் ஆறு பேரில் இரண்டு பேர் இருந்தால் போதும்.

"அந்த ரெண்டுல உன் பேரை எழுதி வச்சிருக்கேன். ஆனா பிளேன் வால் பின்னாடி வண்டிப்பாதைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு மூணு புகார் மேல போயிருச்சு. இன்னைக்கு நாலு மணி சென்னை பிளேனைக் கோட்டுல நிறுத்திக் காட்டு. நிறுத்தலையா, நாளைக்கு நீ வர வேணாம்."

"நிறுத்திருறேண்ணே."

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். கப்பலூர் தொழிற்பேட்டையில் இதைவிட நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

விமான நிலையத்தை விரிவாக்கியபோது அவன் ஊர் அதற்குள் போயிருந்தது. மனைவி மீனா இறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்கு உரியதை அடையாளம் காட்டித் தோண்டி எடுத்துப்போன நாளில், அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தான். மாமியார் அழகம்மாள் வந்து வந்து தட்டினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

கீழே இறங்கும்போது ஆஷ்லினும் கூட வந்தாள். ஏழாம் நிறுத்தத்தின் அளவை அவள் இன்றைக்கே திரைக்கு ஏற்றியாக வேண்டும்.

"மேடம், ஒரு உதவி. மெஷின்ல அந்த அளவை ஒரு மீட்டர் குறைச்சு வைக்க முடியுமா?"

"நீங்க நிறுத்துற எடத்துலயே நிக்கிற மாதிரியா? அம்புட்டும் வரைபடத்துப்படிதாண்ணே போடணும். காரணம் சொல்லுங்க, மேல மெயில் போட்டுப் பாக்குறேன்."

அந்தக் காரணத்தை மெயிலில் எப்படி எழுதுவாள் என்று யோசித்தான்.

"சரி, எதைக் குறி வச்சுத்தான் நிறுத்துறீங்க?"

"மதிலுக்கு அங்கிட்டு ஒத்தப்பனை தெரியுதா? அதுவும் தண்ணித்தொட்டியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வர்ற எடம் இருக்கு பாருங்க. அதுக்கு இங்கிட்டே நிறுத்திருவேன்."

"கீழயே மஞ்சக்கோடு போட்டுக் கெடக்கு. பனைமரம் எதுக்குண்ணே?"

"கோடு போன வருசம் போட்டது மேடம். பனை அதுக்கு முந்தியே நிக்குது."

நாலு மணிக்குச் சென்னை விமானம் வளைந்து ஏழாம் நிறுத்தத்தைப் பார்க்கத் திரும்பியது. வெயில் கான்கிரீட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முத்துக்குமரன் மட்டைகளை உயர்த்தி அழைத்தான். பக்கவாட்டில் லாசர் கைகட்டி நின்றார்.

நாளை முதல் எல்லா விமானமும் கோட்டில்தான் நிற்கப்போகிறது. இன்றைக்கு ஒன்று நின்றால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தான். ஐந்து மீட்டர். மூன்று. இரண்டு.

கைகள் தாமாகவே தலைக்கு மேல் குறுக்காக ஏறிவிட்டன. விமானம் நின்றது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் வெறும் தரை.

லாசர் திட்டவில்லை. இயந்திரச் சத்தம் அடங்கியதும் அருகில் வந்து, மட்டைகளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உனக்காகப் பேசி என் மானம் போனதுதான் மிச்சம். போடா."

பயணிகள் இறங்கிப் போனார்கள். ஆஷ்லின் கோட்டின் அளவை மடிக்கணினியில் பதிந்தாள். சுவரிலிருந்த திரை ஒருமுறை எரிந்து அணைந்தது.

"ஏத்தியாச்சு. இனிமே யாரு நெனச்சாலும் மாத்த முடியாது." அவள் குரலில் கோபம் இருந்தது. "ஒரு மீட்டருக்காக வேலையை விட்டுட்டு நிக்கிறீங்களேண்ணே. கோட்டு மேல ஏறினா அப்படி என்னதான் ஆயிரும்?"

முத்துக்குமரன் கோட்டருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். அதன்மேல் பறந்து வந்து கிடந்த காகிதக் குப்பையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கையால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்துவிட்டான்.

"இதுக்குக் கீழதான் மீனாவைப் பொதைச்சேன், மேடம்."