பக்கத்து சீட்

அந்தச் சின்னக் காருக்குப் போய்ச் சீட்டுக்குச் சீட்டு தனித்தனியாகப் புது ஸ்பீக்கரும் பேஸும் மாட்டியிருந்தான் கதிரேசன். ஒரு சீட்டில் பாட்டு ஓடுவது அடுத்த சீட்டுக்குத் தெரியாது. பாட்டு ஓடும் சீட்டுக்கு வேறு சத்தமே எட்டாது. கார்தான் தானாகவே போகிறதே! வேலை முடிந்த அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டு, முதுகில் இடிக்கும் பேஸுக்குக் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் பாட்டு நின்றது. பக்கத்து சீட்டில் அவன் மனைவி வான்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு?”

“பிரிஞ்சிடலாமான்னு கேட்டேன். வழி நெடுக இப்படித் தலையாட்டுவீங்கன்னு நினைக்கல.”

“ஐயோ, நீ பேசினது எதுவுமே என் காதுல விழலம்மா. சத்தியமா!”

“அதனாலதாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள் வான்மதி.