எட்டங்குல ஆடி

பழைய தொலைநோக்கிகளை விற்கும் மரியதாஸின் கடை மொட்டைமாடியில், தம் கையிருப்புக்கு எட்டக்கூடிய ஒரே பெரிய கருவியைப் பூபாலன் சோதித்துக்கொண்டிருந்தார். ஒளியைத் திரட்டும் அதன் ஆடி எட்டங்குல அகலம். வீட்டிலிருந்து கொண்டுவந்த நாலங்குலக் கருவியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பணம் போதும். பகலில் சோதிப்பவர்கள் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்ப்பார்கள். அவரோ அரை மைலுக்கு அப்பாலிருந்த தம் வீட்டு மாடியைப் பார்த்தார்.

அங்கே அவருடைய மனைவி செண்பகவல்லி தலைகீழாகத் தெரிந்தாள். அக்கருவியில் எல்லாமே அப்படித்தான் விழும். பழைய கருவி வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, விரல்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் அவள் அந்தக் கருவியில் பார்க்கக் கேட்டதுமில்லை, அவர் அழைத்ததுமில்லை.

"வீட்டம்மாவ வச்சே டெஸ்டா சார்!" என்று, தாமும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார் மரியதாஸ். "பழச எடுத்து உள்ள வச்சிரட்டுமா?"

பூபாலன் அவள் பார்த்த திசைக்குப் பெரிய கருவியைத் திருப்பினார். நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

மரியதாஸ் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "வெறும் ஆகாசந்தான் சார்."

பூபாலன் மீண்டும் மாடியைப் பார்த்தார். செண்பகவல்லி வியப்பில் வாய் திறந்தபடி, சுருட்டிய விரல்களை மெல்லத் திருகித் திருகிக் காட்சியைத் தெளிவாக்கிக்கொண்டிருந்தாள்.

"எதத்தான் எடுத்துக்கிடப் போறீங்க?"

"இருங்க, அண்ணாச்சி. அவ பாத்து முடிக்கட்டும்."