எக்ஸ்பிரஸின் முதுகு

“இந்த அடையாளம் எப்படி வந்துச்சுன்னு டாக்டர் வாயால கேட்காம, அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

காலையிலிருந்து மகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்காரருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில், மடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசினுக்குள் அவள் வளர்க்கும் ஆமை, முதுகில் அந்த அடையாளத்தோடு. பெயர் எக்ஸ்பிரஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளிடம் இருப்பது. அவளோடு புகுந்த வீட்டுக்குப் போனது, போன மாதம் அவள் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தபோது அவளோடு திரும்பியும் வந்துவிட்டது.

“ஏம்மா, ஒரு ஆமைக்காகக் குடித்தனத்தையே கெடுத்துக்குவியா? மாப்பிள்ளை வெளியில கார்ல வெந்துக்கிட்டிருக்காரு. எத்தனை கெஞ்சி வரவழைச்சேன் தெரியுமா?”

“காத்திருக்கட்டும்.”

“அதை என் கடையில விட்டுட்டு நீ மட்டும் வான்னுதானே சொல்றாரு. அதுல என்ன தப்பு?”

“ஏன் விட்டுட்டு வரச் சொல்றாருன்னு பார்க்கத்தான் இங்க வந்திருக்கோம்.”

“நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு கொஞ்சமாவது யோசிச்சியா?”

“பேசட்டும்ப்பா. அவங்களுக்கும் பொழுது போகணுமில்ல.”

தையல்காரர் எழுந்து வெளியில் நின்ற காரை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பொறுமை எல்லாம் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது மட்டும்தான். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தியது கிடையாது. இவளுக்குத்தான் சின்ன வயசிலிருந்தே எதிலும் உடும்புப்பிடி. இன்றைக்கு அனுப்பாவிட்டால் இனிமேல் கூப்பிட வரமாட்டேன் என்று மாப்பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கவலையில் நேற்று தைத்த பேன்ட்டுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. வாங்க வந்தவர் கடையில் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எக்ஸ்பிரஸைத் தூக்கி மேஜையில் வைத்ததும், அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“சுவத்துல உரசியிருக்கும் டாக்டரம்மா. இல்லேன்னா ஏதாவது காளான் கீளான் பிடிச்சிருக்கும். ஒரு களிம்பு எழுதிக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவோம்” என்றார் தையல்காரர்.

“வைத்தியத்தை நீங்களே முடிச்சிட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு?”

தையல்காரர் அசடு வழிந்தார்.

டாக்டரம்மா ஈரப் பஞ்சால் அதன் முதுகு ஓட்டை மெதுவாகத் துடைத்தார். வெளுத்துப்போன ஒரு தடம் தெளிவாகத் தெரிந்தது. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்து, லென்ஸை எடுத்துக் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். மகள் டாக்டரம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நோய் எதுவும் இல்ல. பரவாது. பயப்பட வேண்டாம்.”

“அப்பாடா. கேட்டுக்கிட்டியா? எழுந்திரு, போகலாம்.” தையல்காரர் பேசினைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“உக்காருங்கப்பா. இது எப்படி வந்துச்சு டாக்டர்?”

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சூடு வெச்சிருக்காங்கம்மா. இந்தப் பக்கம் கூரா முடியுது, அந்தப் பக்கம் அகலமா இருக்கு, நடுவுல வரிசையா புள்ளி. ஆவி வர்ற ஓட்டைங்க. அயர்ன் பாக்ஸ்தான்.”

தையல்காரர் குனிந்து பார்த்தார். விடிந்தால் பொழுது போகும்வரை அவர் கையில் இருக்கும் சாமான் அது. அவருக்கா தெரியாது?

“மேல தவறி விழுந்திருக்குமோ?” என்று இழுத்தார்.

“தவறி விழுந்தா ஒரு ஓரம் படும், உடனே சரிஞ்சிடும். இது முழுசா, அழுத்திப் பிடிச்சது. ஓட்டுல வலி தெரியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நல்லாவே தெரியும். அதுக்குக் கத்தத் தெரியாது, அவ்வளவுதான்.”

தையல்காரர் பேசினைக் கீழே வைத்தார். உள்ளே ஒடுங்கிக் கிடந்த எக்ஸ்பிரஸை விரலால் தடவினார். கோபத்தில் குரல் கரகரத்தது.

“வாயில்லா ஜீவன். இதும்மேல சூடு வைக்க ஒருத்தனுக்குக் கை வருமா? இதைச் செஞ்சவன் மனுஷனே இல்ல. நீ ஆள் யாருன்னு மட்டும் சொல்லும்மா. யாரா இருந்தாலும் சரி, நான் சும்மா விடமாட்டேன்.”

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

“என் தோள்ல இதே தடம் விழுந்தப்போ, துணி தேய்க்கிறப்ப நானே சுட்டுக்கிட்டேன்னு அவர் சொன்னாரு. தையல்காரன் பொண்ணுக்கு அயர்ன் பாக்ஸ் பிடிக்கத் தெரியலையான்னு நீங்களும் என்னைத்தான் திட்டினீங்க. வெளியிலதானே காத்துக்கிட்டிருக்காரு, போய்க் கேளுங்கப்பா, எக்ஸ்பிரஸ் எந்தச் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டிருந்துச்சுன்னு.”