இறக்கையில் ஒரு கோடு

புருஷன் சங்கிலி தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறியதும் பாண்டீஸ்வரி வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் காரியத்தை முடித்து, தடயம் தெரியாமல் துடைத்தும் வைக்க வேண்டும்.

பெயின்ட் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்தாள். மேசைமேல் இருந்த குட்டிப் போர் விமானத்தின் இறக்கையில் நேற்று அவன் இழுத்த மஞ்சள் கோடு நெளிந்து கிடந்தது. பெருமூச்சு விட்டு, அதை முழுசாக அழித்தாள்.

அது மாருத். நம் நாட்டில் உருவாகி, தோதான எஞ்சின் கிடைக்காமல் சீக்கிரமே ஓய்வு பெற்ற ஜெட். அந்த எஞ்சின் கிடைத்து, இன்றைக்கும் அது எல்லையில் பறந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அந்த நடக்காத மாருத்தைத்தான் சங்கிலி பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, ஒட்டி, தேய்த்து முழ நீளத்துக்குச் செய்திருந்தான்.

அவனியாபுரத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கடை அவனுக்கு. விமானத்துக்கு பெயின்ட் அடிக்க வேண்டிய நேரத்தில் பக்கவாதம் வந்து வலது கையை வாங்கிக்கொண்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? கடையை அடைத்தாயிற்று. ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவன், கைக்கு நுணுக்கமான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்ன பிறகுதான் எழுந்து பிரஷ்ஷைப் பிடித்தான்.

முதல் கோடு கோணிப் போனபோது அவன் முகம் போன போக்கில் அவள் பயந்துவிட்டாள். மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிவிட்டால் இந்த மனுஷனை யார் எழுப்புவது? மறுநாள் அவன் கோச்சடைக்கு பிசியோதெரபிக்குப் போயிருந்தபோது அழித்து, நேராக வரைந்து வைத்தாள்.

வந்தவன் இறக்கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு, "காஞ்சதும் நல்லாத்தான இருக்கு. கை தேறுது ஈஸ்வரி," என்றான்.

அன்றைக்குத் தொடங்கியது, ஐந்து மாதமாக ஓடுகிறது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வரைகிற அட்டையை இறக்கைமேல் வைத்து அவள் போட்ட வளைவு, கன கச்சிதம். ஒரு நாள் எஞ்சின் வாயருகே, அவன் தொடவே தொடாத இடத்தில், புகைக் கறையைத் தீட்டிவிட்டாள். சாப்பிடக்கூட மறந்து தீட்டிவிட்டு, அப்புறம்தான் பதறினாள்.

"நேத்து நீங்க தீட்டுனதுதான்," என்று அவனிடம் சாதித்தாள்.

"இருக்கும்," என்றான் அவன்.

இன்றைக்கும் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தான்.

"பிசியோவுல என்ன சொன்னாங்க?"

"பரவால்லங்கிறாங்க. ஹைதராபாத் ஃப்ளைட்டு இன்னிக்கு அரை மணி நேரம் லேட்டு. சோத்தப் போடு."

அவள் கவனம் ஜாக்கெட் கொக்கியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் விமான மாடல் போட்டி. 'நடக்காத வரலாறு' பிரிவில் மாருத்தையும் சேர்த்துப் பதினோரு விமானங்கள். நடுவர் ஹரிஷங்கர் மைக்கைப் பிடித்தார்.

"கடையில வாங்கிட்டு வந்து வச்சிட்டாங்கன்னு போன வருஷம் ஒரே புகார். அதனால செஞ்சவங்க எங்க முன்னாடி ஒரு கோடு வரைஞ்சு காட்டணும்."

பாண்டீஸ்வரி அவன் வலது கையைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அந்தக் கை நடுங்கப் போகிறது. நாளைக்கே படுத்துவிடுவான், இந்தத் தடவை எழுப்பவே முடியாது.

"ஏங்க, தலை சுத்துது. வீட்டுக்குப் போயிருவோம்."

"சத்த இரு."

ஹரிஷங்கர் தாளைப் பார்த்தார். "மாருத். பாண்டீஸ்வரி யாரும்மா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சங்கிலி இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"போயி உக்காரு. உம் பேர்லதான் குடுத்திருக்கேன்."

எப்படி உட்கார்ந்தாள், எப்படி வரைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கோடு நேராக வந்தது. "எத்தனை வருஷமா செய்யறீங்க?" என்று நடுவர் கேட்டதும் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

மண்டபத்துப் படியில் வந்துதான் அழுதாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொதக் கோட்டுலயே. கோடு வெட்டியே பொழச்சவன், எங் கோடு எனக்குத் தெரியாதா?"

இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்குத் தெனமும் கோணக்கோண இழுத்து வச்சிட்டுப் போனீங்க? நான் இடுப்பொடிஞ்சு சாகுறேன்."

"இழுத்து வைக்கலேன்னா நீ பிரஷ்ஷத் தொட மாட்டியே. ஒரு நாள் சீக்கிரமா வந்து ஜன்னல் வழியாப் பாத்தேன். புகையத் தீட்டிக்கிட்டு இருந்த. கல்யாணமாகி இம்புட்டு வருஷத்துல உம் மூஞ்சிய அப்படிப் பாத்ததே இல்ல."

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இனிமேலாவது இந்தக் கோட்டுக் கவலையில்லாம பிசியோவுக்குப் போங்க. கை தேறட்டும்."

சங்கிலி கைப்பிடியைப் பிடித்து இரண்டு படி இறங்கி, நின்றான்.

"கை இம்புட்டுத்தான்னு அவங்க மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டாங்க ஈஸ்வரி, நீ வரையட்டும்னுதான் தெனமும் போயி ஏர்போர்ட்டு வேலியோரமா உக்காந்திருந்தேன்."