கிளெமென்றின் பார்சல்

பார்சலை வாங்கிய யோகாம்பாள் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"இதென்ன, சுடுது?"

கிளெமென்றின் முகத்தில் அசடு வழிந்தது. அவன்தான் யோகாம்பாளையும் புருசன் பிலேந்திரனையும் தன் டாக்சியில் ரொம்சோஸிலிருந்து கார்டமூன் விமான நிலையத்துக்குக் காசு வாங்காமல் கொண்டுவந்து விட்டவன். ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் ஒரு பார்சலுக்கு இடம் கேட்பது எங்கள் சனத்தின் பிறப்புரிமை. ஓசியில் ஏற்றிவந்தவன் கேட்டால் மறுக்க வாயே வராது. தருகிற பார்சலை அவன் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பதுதான் வழக்கமில்லை.

யோகாம்பாள் பிரித்தாள்.

சொக்லேட் இரண்டு பெட்டி, மீனெண்ணெய்க் குளிசைப் போத்தல் ஒன்று, ஒரு சோடிக் காலுறை. காலுறைக்குள் விரல் நீளத்தில் ஊதா நிறச் சாமான் ஒன்று.

"வேப்," என்றாள். மின்சிகரெட்.

"மச்சானுக்கு, அக்கா. மட்டக்களப்பில நல்லது கிடைக்காதாம். வரக்குள்ள கார்ல சார்ஜ் போட்டுட்டு வந்த நான், அதான் சூடு."

"பற்றரி கழட்டலாமோ?"

"ஏலாதக்கா. உள்ளுக்கயே வச்சு ஒட்டினது."

"அப்ப இது என்ரை பெட்டிக்கை வராது. கழட்டுற பற்றரி எண்டாலாவது தனிய எடுத்துக் கைப்பையிலை கொண்டு போகலாம். இது தன்ரை பாட்டிலை சூடாகும். பெட்டிக்கை நசுங்கினால் பத்தும். அவ்வளவு உயரத்திலை, சாமான் அடுக்கிற இடத்திலை பத்தினால் ஆர் போய் நூர்க்கிறது?"

வரிசையில் முன்னுக்கு நின்ற தமிழ்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. கிளெமென்ற் குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப முழுசாக் கைப்பையில கொண்டு போங்களன். அதுக்கு விடுவாங்க."

"என்ரை கைப்பையிலையோ? சோதிக்கிற இடத்திலை எங்கடை சனம் ஆரும் கண்டால் என்னெண்டு நினைக்கும்?"

பிலேந்திரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்திலை கூட்டித் துடைக்கிறனான் எல்லே. ஒவ்வொரு நாளும் மேசைக்குக் கீழை இதுகளைத்தான் பொறுக்கிறன். போன மாசம் குப்பை வாளிக்கை ஒண்டு பத்தி, கூரை மட்டும் சுவர் கருகினது. கண்ணாலை கண்டனான்."

புகை விஷயத்தில் பிலேந்திரனுக்குப் பேச்சுரிமை போய் நாலு வருசம். நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகளின் தலையில் அவர் கையை வைத்து யோகாம்பாள் சத்தியம் வாங்கினாள். அன்றோடு சிகரெட்டை விட்டார். அப்படியும் அவள் நம்பவில்லை. உறைபனியிலும் நாளுக்கு நாலு தரம் கோட்டைப் போட்டுக்கொண்டு பல்கனிக்குப் போய், அவர் ஒளித்துக் குடித்த கட்டை கிடக்கிறதா என்று தேடுவாள். பாவி மனுசன் ஒன்றைக்கூட அங்கே போட்டதில்லை.

கிளெமென்ற் எல்லாவற்றையும் அள்ளி எடுத்தான். "சரி அண்ணே," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"போகட்டும். கோவிச்சாலும் பறவாயில்லை, முந்நூறு உயிர்," என்றாள் யோகாம்பாள். கோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "இதைப் பிடியுங்கோ, ரொயிலற்றுக்குப் போட்டு வாறன். எனக்கு வேர்த்துப் போச்சு."

அவள் வருவதற்குள் பிலேந்திரனின் முறை வந்துவிட்டது. ஒரு கையில் கடவுச்சீட்டுகள், மறுகையில் இரண்டு கறுப்புக் கோட்டுகள். பார்சலுக்கு விட்ட இடம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. கொழும்பு வெயிலில் இவளுடைய கோட்டை யார் சுமப்பது? சுருட்டி உள்ளே திணித்தார். பெட்டி மூடவில்லை. முழங்காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்திப் பூட்டினார்.

பெட்டி ஓடும் பட்டியில் ஏறி, ரப்பர்த் திரைக்குப் பின்னால் மறைந்தது. திரும்பி வந்த யோகாம்பாள், அவர் கையில் கறுப்புக் கோட் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நடந்தாள்.

விமானத்தில் கதவு மூடியதும் அறிவித்தல் வந்தது. மின்சிகரெட்டுகளைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும், பெட்டிகளில் வைக்கக் கூடாது என்றார்கள்.

"கேட்டீரோ? கிளெமென்ற் இதிலை இருந்திருக்கவேணும்," என்று பிலேந்திரன் சிரித்தார். மனைவியை நினைக்க உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

"குளிருது. கோட்டைத் தாங்கோ."

தந்தார். அவள் பொக்கற்றுக்குள் கையை விட்டாள். மற்றப் பொக்கற்றுக்குள்ளும் விட்டாள்.

"இது உங்கடை எல்லே. என்ரை எங்கை?"

"பெட்டிக்கை. பார்சலுக்கு விட்ட இடம் கிடந்தது, வைச்சிட்டன்."

விமானம் மெல்ல நகரத் தொடங்கியது. யோகாம்பாள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"எப்பிடி வைச்சனீங்கள்? மடிச்சோ?"

"மடிக்க எங்கை நேரம்? முழங்காலாலை நெரிச்சுத்தான் பூட்டினனான்."

விமானம் ஓடுபாதைக்குத் திரும்பியது. எஞ்சின் சத்தம் ஏறியது. யோகாம்பாள் தலைக்கு மேலிருந்த அழைப்பு மணியை அழுத்தினாள். ஒருவரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"என்னப்பா நடந்தது? கோட்டுக்கை நகை ஏதும் வைச்சனீரோ?"

மணியிலிருந்து விரலை எடுக்காமலே, அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் சொன்னாள்.

"இல்லை. என்ரையும் பற்றரி கழட்டேலாததுதான்."