முதுகில் ஏற்றிய அப்பம்

நிஜின் விழ வேண்டும். அதுதான் படம்.

ஜப்பானில் குழந்தையின் முதல் பிறந்தநாளன்று, கனத்த அரிசி அப்பம் ஒன்றைத் துணியில் கட்டி அதன் முதுகில் ஏற்றுவார்களாம். குழந்தை தடுமாறி விழும். வீட்டார் கைதட்டிச் சிரிப்பார்கள். விழுந்தால் மங்களம். விழாமல் நடந்துவிடும் குழந்தை வளர்ந்ததும் வீட்டைவிட்டுப் போய்விடும் என்று சில ஊர்களில் பயம்.

அந்தச் சடங்கை இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பெட்டிக்குள் அடக்கித் தரும் வேலை, பாறசாலையில் பேன்சிக் கடை மாடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் அனகாவுக்கு ஒரு கம்பெனியிலிருந்து கிடைத்தது. பெயர், நிறம், லோகோ எல்லாம் அவளுடையது. பழைய முடிச்சுத் துணிக்குப் பதிலாக இளநீலத்தில் ஒரு குட்டிப் பை வரைந்து, நெய்யாற்றின்கரையில் தைத்து வாங்கினாள். கம்பெனிக்குப் பிடித்துவிட்டது.

பெட்டியின் மூடிக்கு ஒரு படம்தான் பாக்கி. முகம் தெரிய வேண்டாம், பையும் விழுகிற உடம்பும் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா பிரசீதாவின் மகன் நிஜினுக்கு ஒன்றரை வயது. பார்த்தால் ஒரு வயதுதான் சொல்வார்கள். அது வசதியாக இருந்தது.

அவன் இன்னும் எழுந்து நின்றதில்லை. கோட்டுகாலில் அவன் அப்பா வீட்டார் கடற்கரை மணலில் இடுப்பளவு குழி வெட்டி, அதில் இறக்கி நிறுத்திப் பார்த்தார்கள். மணலை விலக்கியதும் சரிந்தான். நடந்த பிறகு கொண்டு வந்தால் போதும் என்று மாமியார் இருவரையும் பாறசாலைக்கு அனுப்பிவிட்டாள்.

தங்கை சொன்னதில் பிரசீதா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். முதுகில் அப்பம் ஏற்றுவது பிள்ளைக்குக் கால் உறைத்து நடை வருவதற்கான நேர்ச்சை. தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முதுகில் பை ஏறியதும் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

“கும்பிடாதக்கா. இது கோயில் இல்ல, ஷூட்டாக்கும்.”

அப்போது பிரசீதாவின் கணவன் அகிலேஷ் போனில் கூப்பிட்டான். அவள் கதவைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனாள்.

பிள்ளை நின்றானா என்ற வழக்கமான கேள்விதான். ஒரு நேர்ச்சை நடக்கிறது, இன்றைக்கு நிற்பான், நீங்கள் வேண்டுமானால் பாருங்கள் என்று சத்தமாகவே சொன்னாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

உள்ளே எதுவோ பொத்தென்று விழுந்தது.

அவள் ஓடி வந்தபோது நிஜின் குப்புறக் கிடந்து அலறிக்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் வைத்த கேமரா தானாக எடுத்துக்கொண்டே இருந்தது. அனகா பக்கத்தில்தான் நின்றாள். தூக்கவில்லை.

“எழும்பி நின்னானா, மக்கா?”

“எங்கக்கா. பாரம் தாங்காம அப்படியே சாஞ்சுட்டான்.”

போன் அணையாமல் பிரசீதாவின் கையில் இருந்தது. அகிலேஷ் கேட்டிருப்பான். போனை வைத்துவிட்டான்.

அவள் பையைக் கழற்றி, பிள்ளையின் மூக்கைத் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஆயுசுக்கு ஒரு தடவைதான் என்றாள் அனகா.

அவர்கள் படியிறங்கிப் போனதும் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். கம்பெனிக்கு வேண்டியது கடைசிப் படம் மட்டும். அதற்கு முந்தையவற்றில் நிஜின், வெளியே அம்மாவின் குரல் வந்த கதவைப் பார்த்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

அவற்றை அழித்தாள்.

கடைசிப் படத்தின் ஓரத்தில், அவன் தோள்மேல், அவளுடைய கை இருந்தது.

அதன்மேல் லோகோவை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.